இரண்டாம் எண் சீட்டு

தொங்யின் தீவு
மார்ச் 10, 2002

அன்புள்ள அக்காவுக்கு,

யூ-ஷெங் எழுதுகிறேன். கை கால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. பசி மட்டும் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவின் இருமல் விட்டதா?

இங்கே மூடுபனி. கீலுங்கிலிருந்து வர வேண்டிய கப்பல் வரவில்லை, ஆகவே இந்தக் கடிதம் எப்போது கிளம்பும் என்று எனக்கே தெரியாது. மலைப்படி ஏறி இறங்கிக் கால் தேய்வதற்குள் ஹூ சார்ஜண்ட் என்னைப் பிடித்து அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டார். "நீ கம்ப்யூட்டர் படிச்சவனாமே? துப்பாக்கிய வச்சுட்டு வா. இந்த டப்பாவோட சண்டை போடு" என்றார். மற்றவர்கள் என்னைப் பொறாமையோடு பார்க்கிறார்கள். அவர்களுக்கு இந்த டப்பாவைத் தெரியாது.

கடலம்மன் கோவிலில் என் மெஷின் ஓடுகிறதா? புத்தாண்டுக் கூட்டத்துக்குத் திறந்து வைத்ததாக எழுதியிருந்தாய். குறிச் சீட்டுப் படித்துச் சொல்லும் பெரியவருக்குக் கண் போய்விட்டதால் ஷூ மாமா கெஞ்சிக் கேட்டார், நானும் கட்டாய ராணுவ சேவைக்குக் கிளம்புகிற அவசரத்தில் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். சனங்கள் குடத்திலிருந்து குச்சியை உருவி, அதிலிருக்கும் எண்ணை அமுக்கினால் சீட்டு அச்சாகி வருகிறதல்லவா? ஷூ மாமா உட்படக் கோவில் கமிட்டி முழுவதும் என்னைப் புகழ்கிறது என்று இரண்டு வரி எழுது, போதும்.

உன் கடிதத்தின் அடியில் அப்பா எப்போதும் ஏதாவது கிறுக்குவார். இந்த முறை இல்லை. என் மேல் கோபமா? படகு மெக்கானிக் திங்-ஹாய் அண்ணன் இன்னும் ஐஸ் பெட்டி ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டு நம் மீன் உருண்டைக் கடைக்கு வருகிறாரா, இல்லை வாயைத் திறந்தாரா?

உன் மீன் உருண்டை சூப்பை நினைத்துக்கொண்டே காய்ந்த ரொட்டி தின்னும்,
தம்பி யூ-ஷெங்


தொங்காங்
மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

அக்கா பௌ-ச்சூ. உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. கழுத்துத் துணி கட்டிக்கொள், பனியில் நிற்காதே. அப்பா நன்றாக இருக்கிறார். இப்போது தூங்குகிறார், அதனால்தான் எழுதவில்லை. கோபமெல்லாம் இல்லை.

கடையில் வியாபாரம் பரவாயில்லை. இன்னும் கொஞ்ச நாளில் சூரை மீன் வந்துவிடும், அப்புறம் துறைமுகத்தில் நிற்க இடம் இருக்காது.

திங்-ஹாய் வாயைத் திறந்தார். ஐஸ் பெட்டியின் பின்பக்கம் தலையை விட்டுக்கொண்டே பேசினார், முகத்தைக் காட்டவில்லை. "இது இன்னும் பத்து வருஷம் ஓடும். நான் அதுக்கு மேலயும் ஓடுவேன்" என்றார். "எங்க ஓடப் போறீங்க?" என்று கேட்டேன். "கேப் டவுன். நம்ம படகெல்லாம் அங்கதான் ரிப்பேருக்கு நிக்குது. பட்டறையில கூப்பிட்டிருக்காங்க. தனியாப் போக இஷ்டமில்ல" என்றார். நம் பஞ்சாங்கத்து ஏழாம் மாதம் ஆகஸ்டில் பிறக்கிறதே, அதற்கு முன்னால் கிளம்ப வேண்டுமாம். ஆவிகள் உலவுகிற மாதத்தில் எந்தப் படகுக்காரன் வீட்டை விட்டு இறங்குவான்?

கடலம்மனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். முறைப்படிதான் கேட்டேன். குச்சியில் எண் வந்தது, அது எனக்குரிய எண்தானா என்று பிறைக்கட்டையைத் தரையில் போட்டுக் கேட்டேன், மூன்று தடவையும் சரியாக விழுந்தது, உன் மெஷினில் எண்ணை அமுக்கினேன். வந்த சீட்டு இது: "படகு கட்டியபடியே இருக்கட்டும், பனி விலகாத கரையை விட்டு விலகாதே. திருமணம்: வேண்டாம். பயணம்: கூடாது." அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார். நானும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மனே சொன்ன பிறகு யாரிடம் போய் வாதாடுவது?

ஷூ மாமா கதை கேள். முழங்கால் வலிக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்கப் போனார். பன்னிரண்டாம் எண். "காற்றுத் திரும்பிவிட்டது, பாயை விரி. திருமணம்: உடனே நடக்கும்" என்று சீட்டு! அத்தை இன்றுவரை அவரோடு பேசவில்லை. தட்டை மட்டும் தள்ளுகிறாள்.

வயிறாரச் சாப்பிடு. உன்னை நினைத்து,
அக்கா


தொங்யின்
ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. நீங்கள் இருவரும் நலமாக இருக்கக் கடலம்மன் காக்கட்டும். அந்த அம்மன் மேல்தான் எனக்கு இப்போது வருத்தம். திங்-ஹாய் அண்ணன் நல்ல மனுஷன். நீ என்னைத் தூக்கிக்கொண்டே வளர்ந்தவள், உனக்கென்று ஒரு ஆள் வந்தாரே என்று நான் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தேன்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன், சிரித்துவிட்டு மறந்துவிடு. எங்கள் படைப்பிரிவில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் உண்டு. அதன்படி சாப்பாட்டு வரிசை போடச் சொன்னார் சார்ஜண்ட். நானும் பெயர்ப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடுக்கி ஒட்டினேன். இரண்டாம் எண் ஆள் லின், குண்டோதரன், தட்டோடு ஓடி வந்தான். அவனுக்கு முன்னால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று பத்தொன்பது வரை நிற்கிறார்கள். "ஏண்டா, நான் ரெண்டுடா! ரெண்டுக்கு முன்னாடி பத்தா? எந்த ஊர்ல கணக்குப் படிச்ச?" என்று என் சட்டையைப் பிடித்தான்.

தப்பு கம்ப்யூட்டருடையது இல்லை. அதற்கு '10' என்பது பத்து இல்லை. ஒன்று என்ற எழுத்து, பக்கத்தில் சைபர் என்ற எழுத்து, அவ்வளவுதான். அகராதியில் சொற்களை அடுக்குகிற மாதிரி முதல் எழுத்தைப் பார்க்கும். ஒன்றில் தொடங்குகிறவர்கள் எல்லாம் முதலில் போய்விடுவார்கள். அதன் பிறகுதான் இரண்டு. எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அக்கா, நீ எடுத்த குச்சியில் என்ன எண்? ஞாபகம் இருந்தால் உடனே எழுது.

தம்பி


தொங்காங்
மே 8

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதத்தைப் படித்து லின்னை நினைத்துச் சிரித்தேன். அவனுக்கும் சேர்த்து வறுத்த மீன் தூள் அனுப்பியிருக்கிறேன், பங்கு வைத்துக் கொடு.

எண் இரண்டு. எதற்குக் கேட்கிறாய்? முடிந்த விஷயம்.

அப்பா சியாயியில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறார், வர நாளாகும். கோவில் மெஷின் இப்போது ஓய்வில் இருக்கிறது. ஷாக் அடிக்கிறது என்றார்கள், பிளக்கைப் பிடுங்கியாகிவிட்டது. பழையபடி மர அலமாரியிலிருந்து சீட்டு எடுக்கிறார்கள். நீ கவலைப்படாதே.

சூரை மீன் ஏலம் நடக்கிறது, கையெல்லாம் ஐஸ். இவ்வளவுதான் எழுத முடிந்தது.

அக்கா


தொங்யின்
மே 21

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கவும் எனக்கு வாய் வரவில்லை, மன்னித்துக்கொள்.

உனக்கு வந்த சீட்டு உன்னுடையது இல்லை. நீ வாசிக்க வாசிக்க நான் அறுபது பாட்டையும் அடித்தேனே, ஒவ்வொன்றையும் அதன் எண்ணையே பெயராக வைத்துத் தனித்தனிக் கோப்பாகச் சேமித்தேன். மெஷின் அவற்றை வரிசைப்படுத்தி எடுக்கும். இரண்டாவதாக எது நிற்கிறதோ அதுதான் இரண்டாம் எண்ணுக்கு அச்சாகும். இரண்டாவதாக நின்றது பத்து. லின்னுக்கு முன்னால் நின்றானே, அதே பத்து. சீட்டின் தலையில் நீ அமுக்கிய எண்ணையே அச்சடிக்கச் சொல்லியிருந்தேன், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் ஒரே ஒரு தடவைதான் சோதித்துப் பார்த்தேன், அதுவும் ஒன்றாம் எண்ணை வைத்து. ஒன்று எப்படி அடுக்கினாலும் முதலில்தான் வரும்.

பன்னிரண்டாவது இடத்தில் எது நிற்கும் தெரியுமா? இரண்டு. ஷூ மாமாவுக்குப் போன கல்யாணம் உன்னுடையது அக்கா! "காற்றுத் திரும்பிவிட்டது, பாயை விரி." அதுதான் அம்மன் உனக்குச் சொன்னது.

நான் எழுதிய மொழியிலேயே இதற்கென்று தயாராக ஒரு கட்டளை இருக்கிறது. இயல்பு வரிசை என்பார்கள். ஒப்பிடும்போது இலக்கம் எதிர்ப்பட்டால், அது முடிகிற வரைக்கும் பொறுத்து, மொத்தமாக ஒரே எண்ணாகப் படித்துவிட்டுத்தான் எது பெரியது என்று சொல்லும். மனுஷன் படிக்கிற மாதிரி. அதைக் கூப்பிட்டிருந்தால் போதும். நான் கைக்கு வந்த சாதாரண வரிசைக் கட்டளையைப் போட்டுவிட்டு ரயில் ஏறப் போய்விட்டேன்.

திங்-ஹாய் அண்ணன் இன்னும் கிளம்பவில்லையே? இந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவர் பட்டறைக்குப் போ. தப்பு என் தம்பியுடையது என்று சொல். என் மானம் போனால் போகட்டும்.

யூ-ஷெங்


தொங்யின்
ஜூன் 9

அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கப்பல் வந்தது, உன் கடிதம் இல்லை. அடுத்த கப்பலும் வந்துவிட்டுப் போயிற்று. லின்னுடைய அம்மா அவனுக்கு உள்ளாடை எல்லாம் அனுப்பியிருக்கிறாள். தபால் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன்.

கடைக்குப் போன் செய்தேன், பக்கத்துக் கடைக்காரி எடுத்தாள். "உங்க அக்கா உள்ள வேலையா இருக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என் மேல் கோபம் என்றால் திட்டி எழுது. ஒன்றும் எழுதாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் திங்-ஹாய் அண்ணனுக்கே எழுதிவிட்டேன். இதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொள்.

தம்பி


தொங்காங்
ஜூன் 22

தம்பி யூ-ஷெங்குக்கு,

சுவாங் திங்-ஹாய் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். எஞ்சினோடுதான் எனக்குப் பேச வரும், கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சீட்டு மாறிப்போனதை எழுதியிருந்தாய். படித்தேன். ஆனால் விஷயம் சீட்டில் இல்லை. புத்தாண்டு கழிந்த வாரம் உன் அப்பா குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் முழுக்க ஓய்ந்துவிட்டது. பேச்சு, கேட்டுப் பழகியவர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி இரண்டொரு வார்த்தை. சியாயிக்கெல்லாம் போகவில்லை. மே மாதம் பாதி நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், இப்போது வீட்டில். உன் அக்கா விடிவதற்குள் கஞ்சி ஊட்டிவிட்டுக் கடை திறக்கிறாள், நடுவில் ஓடிவந்து புரட்டிப் படுக்க வைக்கிறாள், மறுபடி கடை.

உனக்குச் சொல்லக் கூடாது என்று என் வாயைக் கட்டியிருந்தாள். "அவனுக்குத் தெரிஞ்சா ஓடி வந்துடுவான். சேவை முடிஞ்சதும் சின்ச்சூ ஊர்ல பெரிய கம்ப்யூட்டர் வேலை காத்துக்கிட்டு இருக்கு. அது போயிடும். நீங்க வாயத் தொறந்தீங்க, உங்க ஸ்பானர் எல்லாம் கடல்லதான்" என்றாள். ஸ்பானர் போனால் போகிறது.

நான் போகாமல் இருக்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். "எனக்காக நின்னீங்கன்னா, தினமும் என்னப் பாத்து அத நெனைப்பீங்க. அந்தப் பார்வை எனக்கு வேணாம்" என்று எழுந்து போய்விட்டாள். எனக்கு அவளைப் பிடிக்கும். அதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆகஸ்ட் முதல் வாரம் கிளம்புகிறேன். ஏஜெண்டிடம் இரண்டு பேருக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாது.

திங்-ஹாய்


தொங்யின்
ஜூலை 1

அக்கா,

அப்பாவுக்கு எப்படி இருக்கிறது? இந்தத் தடவை உண்மையை எழுது.

திங்-ஹாய் அண்ணன் எல்லாம் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே. கடிதத்தைப் படித்துவிட்டு நான் அலுவலகத்தின் பின்னால் போய் நின்று அழுதேன். அப்பா தூங்குகிறார், அப்பா சியாயியில் இருக்கிறார்! எப்படி அக்கா உனக்குக் கை வந்தது? நான் இங்கே உட்கார்ந்து அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் எனக்குத்தான். உன் மேல்தான். நான் அந்த வீட்டுப் பிள்ளை இல்லையா?

எண்ணை அமுக்கிச் சீட்டு வாங்கிய அன்று உன் மனதில் என்னதான் ஓடிற்று? அதை மட்டும் மறைக்காமல் சொல்.

யூ-ஷெங்


தொங்காங்
ஜூலை 9

அன்புத் தம்பிக்கு,

அப்பா இருக்கிறார். முன்னைக்கு இப்போது தேவலை. இடது கையால் ஸ்பூனைப் பிடிக்கிறார், பாதி சட்டையில் கொட்டுகிறது. உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "ஷெங்" என்றார். அது நன்றாகவே கேட்டது.

கேட்டாய், சொல்கிறேன். சீட்டு கையில் வந்த உடனேயே அது இரண்டு இல்லை என்று எனக்குத் தெரியும். அறுபதையும் வாசித்தவள் நானல்லவா? இரண்டாம் பாட்டை நான் வாசித்தபோது திங்-ஹாய் நம் வீட்டு ஐஸ் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "யாருக்கோ குடுத்து வச்சிருக்கு" என்றார். எப்படி மறப்பேன்? குச்சியில் இரண்டைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. அம்மன் சரி என்று சொல்லிவிட்டாள், இனி அப்பாவை என்ன செய்வது, தம்பியை என்ன செய்வது என்று. பொத்தானை அமுக்கினேன். மெஷின் "வேண்டாம்" என்று அடித்துக் கொடுத்தது.

அப்பாடா என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் இருந்தது. நான் மாட்டேன் என்று சொன்னால் அவர் காரணம் கேட்பார், அம்மன் சொன்னால் கேட்க மாட்டார். வந்ததை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். மற்றவர்களுக்கும் தப்புச் சீட்டுப் போகக் கூடாதே என்று, கோவிலை விட்டுக் கிளம்பும்போதே பிளக்கைப் பிடுங்கி, ஷாக் அடிக்கிறது என்று ஷூ மாமாவிடம் சொன்னது நான்தான். அத்தையிடமும் ஒருநாள் போய், அந்தச் சீட்டு மாமாவுடையது இல்லை என்று சொன்னேன். "அது எனக்கும் தெரியும். இந்தக் காலோட அவர யார் கட்டுவா? சும்மா மெரட்டி வச்சிருக்கேன்" என்றாள்.

அதனால் உன் மெஷினை நினைத்து நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அது செய்தது தப்பு, ஆனால் என்னை அது ஏமாற்றவில்லை. சின்ச்சூ வேலையில் போய்ச் சேர், அது போதும் எனக்கு.

அக்கா


தொங்யின்
ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இனி நேரிலேயே பார்ப்பாய். திங்-ஹாய் அண்ணனின் கடிதம் வந்த அன்றே ஹூ சார்ஜண்டிடம் போனேன். வீட்டில் படுக்கையாக இருக்கும் தகப்பன், ஒரே மகன் என்றால் சேவையை முன்னதாக முடித்துக்கொள்ள மனுப் போடலாமாம். "இத ஏண்டா இவ்ளோ நாள் சொல்லல? பட்டியல் போடத் தெரியாதவன வச்சு நான் மாரடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று அவரே எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிச் சான்றிதழைத் திங்-ஹாய் அண்ணன் வாங்கி அனுப்பினார். உத்தரவு நேற்று வந்தது. மாதக் கடைசியில் கப்பல் ஏறுகிறேன்.

சின்ச்சூவுக்கு எழுதிவிட்டேன், வரவில்லை என்று. பதறாதே. வீட்டுக்குக் கிட்டத்தில், காவ்சியுங்கில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை கேட்டிருக்கிறேன், பாதி நாள் வீட்டிலிருந்தே செய்யலாம். கஞ்சி காய்ச்ச லின் கற்றுக்கொடுத்திருக்கிறான். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதைப் பற்றியும் விசாரித்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். நம் வீட்டில் மீன் தலை எனக்கு, புதுச் சட்டை எனக்கு, காலேஜ் எனக்கு. நீ முன்னால் பிறந்தவள், ஆனால் நான் ஆண் பிள்ளை. முதல் எழுத்தை மட்டும் பார்த்து அடுக்கிவிட்டார்கள், யாரும் கடைசி வரை படிக்கவில்லை. நானும் தட்டை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். லின் மாதிரி நீ ஒரு நாளாவது என் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

அம்மன் சொன்னது, மெஷின் சொன்னது எதுவும் வேண்டாம். அப்பாவுக்காக, எனக்காக என்பதும் வேண்டாம். உனக்குப் போக வேண்டுமா? ஒரு வரி எழுது. வேண்டாம் என்றால் இதைப் பற்றி இனி பேச மாட்டேன்.

உன் பதிலுக்காகக் கப்பலைப் பார்த்துக்கொண்டு,
தம்பி


தொங்காங்
ஜூலை 24

அன்புத் தம்பிக்கு,

நீ கப்பல் ஏறுவதற்குள் இது கிடைக்குமோ என்னவோ. கீலுங்கில் இறங்கியதும் சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு ரயிலைப் பிடி.

அப்பாவுக்குக் கஞ்சியில் பால்மீனை முள் எடுத்துப் போட வேண்டும், அவர் துப்பினால் அது உப்புக் குறைவு என்று அர்த்தம், கோபம் இல்லை. முதுகைத் துடைக்கும்போது வெந்நீர் என்று சொல்லிவிட்டுத் துடை. மருந்துக்காரி ஏமாற்றுவாள். மீன் உருண்டை மாவு பிசையும் பெண் நம்பிக்கையானவள், கடையை அவளிடம் விடலாம். சின்ச்சூவை விட்டதற்கு உன்னை அறைய வேண்டும் போல இருக்கிறது, வந்ததும் அறைகிறேன்.

அப்பாவிடம் கேட்டேன். கடைசி வரை கேட்டுவிட்டு இடது கையைத் தூக்கி வாசலைக் காட்டினார். மறுபடி கேட்டேன், மறுபடியும் வாசல். பிறகு அழுதார், நானும் அழுதேன். கஞ்சி ஆறிப்போயிற்று, திரும்பச் சூடு பண்ணினேன்.

ஒரு வரி கேட்டாய். நாலு தாள் கிழித்துவிட்டேன். எனக்காக ஒன்றைக் கேட்டு எழுதிப் பழக்கமில்லை, கை எங்கெங்கோ போகிறது. இதுதான் அந்த வரி: எனக்குப் போக வேண்டும்.

நீதான் கேட்டாய், உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். தபால் உன் கைக்கு வந்து சேர்கிற வரைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. மன்னித்துக்கொள், இன்று காலையே பட்டறைக்குப் போய் உனக்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா
பௌ-ச்சூ